குரோம்பேட்டை ஜெராக்ஸ் கடையும் எட்டு செக்டர்களும்

அக்கா வீட்டுக்காரர் குரோம்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. டிடிபி, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். நாளெல்லாம் யாராவது பென் டிரைவை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். பாதிக்கு மேல் வைரஸோடு வரும். விண்டோஸை அழித்து அழித்துப் போட்டு அலுத்துப்போய், 2017இல் அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அதற்குத் தும்மல் வந்தாலும் ஃபோன் எனக்குத்தான்.

நான் சிஸ்டம் அட்மின் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு, லினக்ஸ் என் சொந்த இஷ்டம். ஆனால் சொந்தபந்தத்தில் ஒருத்தன் டெர்மினலைத் திறந்து நாலு கமாண்ட் அடித்துவிட்டால் போதும், குடும்பத்துக்கே அவன்தான் டாக்டர்.

போன வருஷம் மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, சாயந்திரம் ஆறரை மணி.

“மாப்ள, பத்திரிகை சேவ் ஆகமாட்டேங்குது. ரீட் ஒன்லின்னு ஏதோ வருது. கஸ்டமர் பக்கத்துலயே உக்காந்திருக்கார்.”

“ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மாமா.”

முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது.

மின்ட், உபுண்டு, டெபியன் என்கிற லினக்ஸ் வகையறாக்களில் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் குடியிருக்கும் டிஸ்க் பகுதி) பெரும்பாலும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டமாக இருக்கும். ஃபைல் சிஸ்டம் என்றால் டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. தன் கட்டமைப்பில் ஏதோ சரியில்லை என்று அது கண்டுகொண்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போய்விடும். எந்தப் பார்ட்டிஷனை எப்படி இணைப்பது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அப்படித்தான் சொல்லி வைத்திருப்பார்கள். மேற்கொண்டு கெடாமல் இருக்க அது செய்கிற நல்ல காரியம் இது. ஆனால் ரூட்டே படிக்க மட்டும் என்று ஆனபிறகு, எதனால் அப்படி ஆனது என்கிற பதிவை (லாக்) டிஸ்கில் எழுத வழியில்லை. காரணம் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் போச்சு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது டெர்மினலைத் திறந்து, லினக்ஸின் மையமான கர்னல் சொல்லும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கமாண்டை அடித்து, கடைசி இரண்டு திரையை மொபைலில் ஃபோட்டோ எடுத்து வைப்பது. மாமாவால் தாராளமாகச் செய்திருக்க முடியும். வாட்ஸாப்பில் அனுப்பியும் இருப்பார். நான்தான் கேட்கவில்லை.

ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரை. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ (சிஸ்டம் முழுதாக எழுவதற்கு முந்தைய படி) என்று ஒரு வரி, அதற்கு மேலே ‘எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகேவைக் கையால் ஓட்டு’ என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு அதட்டல். எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கமாண்ட். பல்லாவரத்தில் இறங்கவேண்டியவன் அப்படியே அடுத்த ஸ்டேஷன் வரை போய்க் கடைக்கு நடந்தேன்.

யூபிஎஸ் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு மத்தியானம் இரண்டு முறை கரண்ட் போய் வந்ததாம். சரி, கரண்ட் போனதில் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நிதானமாக யோசித்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஜர்னல் என்கிற ஏற்பாடே இதற்காக வந்ததுதான். எக்ஸ்ட் குடும்பத்துக்கு அது 2001இல், எக்ஸ்ட்3 லினக்ஸ் கர்னலுக்குள் நுழைந்தபோது வந்தது. 2008 கடைசியில் எக்ஸ்ட்4 நிலைத்தன்மை பெற்றபோது அதிலும் தொடர்ந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு உரிய இடத்தில் எழுதும். இடையில் கரண்ட் போனால் மறுபடி ஆன் ஆகும்போது குறிப்பேட்டைப் பார்த்து இரண்டு நொடியில் சரிசெய்துகொள்ளும். வெறும் கரண்ட் கட்டுக்கு, கையால் ஓட்டு என்று கேட்கும் அளவுக்குப் பெரும்பாலும் போகாது. போனால் அடியில் வேறு ஏதோ இருக்கிறது.

நான் எஃப்எஸ்சிகே அடித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒய் தட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? ‘-ஒய்’ சேர்த்துவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் ஆமாம். திரை கடகடவென்று ஓடியது. நடுநடுவே சில நொடிகள் நின்று நின்று ஓடியது. ‘பிளாக்கைப் படிப்பதில் பிழை, பொருட்படுத்தாமல் போகவா? ஆமாம். வலுக்கட்டாயமாகத் திருப்பி எழுதவா? ஆமாம்’ என்று வரிகள் பறந்ததைப் பார்த்தேன். பார்த்தும் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் மின்ட் திறந்தது. கஸ்டமர் கைதட்டாத குறை. மாமா மசால் வடை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் ஃபோன். “மாப்ள, கணக்கு ஃபோல்டரைக் காணோம்.”

அந்தக் கடையில் பத்திரிகை டிசைன் போனால் மறுபடி செய்துகொள்ளலாம். கணக்கு ஃபோல்டரில் இருந்தது பாக்கிக் கணக்கு. பக்கத்து மெஸ், இரண்டு டியூஷன் சென்டர், ஒரு வக்கீல் ஆபீஸ் என்று மாதக் கடைசியில் பணம் தருகிறவர்கள் எவ்வளவு தரவேண்டும் என்பது அந்த ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் இருந்தது. பேக்கப் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நெஞ்சை நிமிர்த்தினேன். ‘பேக்கப்’ என்று நானே பெயர் வைத்த பார்ட்டிஷன் அதே டிஸ்கில்தான் இருந்தது. அதிலும் கடைசியாகக் காப்பி எடுத்தது 2021இல்.

அன்று ராத்திரிதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் கமாண்டை ‘-ஏ’ போட்டு அடித்தால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பு முழுக்க வரும். அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். மேலேயே ‘பாஸ்ட்’ (தேறிவிட்டது) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சொல்லை நம்பி மூடிவிடாதீர்கள். டிஸ்க் தயாரித்தவர் வைத்திருக்கும் எல்லையைத் தாண்டினால்தான் அது ‘ஃபெயில்’ என்று சொல்லும். அதற்குள் வீடு பாதி எரிந்திருக்கும். பார்க்க வேண்டியது கீழே உள்ள பட்டியலின் கடைசி நெடுவரிசை.

5ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (செக்டர் என்பது டிஸ்கில் தகவல் எழுதும் சிறு கட்டம்). 197, படிக்க முடியாமல் ‘இழுத்துக்கொண்டிருக்கும்’ செக்டர்கள். 198, சுயபரிசோதனையில் படிக்க முடியாமல் போனவை. 199, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும்போது கெட்டுப்போன தகவல். எனக்குத் தெரிந்து வீட்டு உபயோகத்துக்கு இந்த நாலு வரி போதும்.

மாமாவின் டிஸ்கில் 5இல் 8, 197இல் 136. டிமெசேஜில் ‘ஐஓ எரர்’ (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) வரிசை கட்டி நின்றது. வெப்பநிலை 52 டிகிரி. கேபினெட் லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில், மேஜைக்கு அடியில். மூடியைக் கழற்றினால் ஃபேன் முழுக்கக் காகிதத் தூசி, கம்பளி மாதிரி.

அந்த 8ஐப் பார்த்ததும்தான் வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று புரிந்தது. இப்போதைய டிஸ்குகள் உள்ளே 4096 பைட் அளவில் செக்டர் வைத்துக்கொண்டு, வெளியே பழைய வழக்கப்படி 512 பைட் என்று கணக்குச் சொல்லும். ஒன்று கெட்டால் கணக்கில் எட்டாகத் தெரியும். எக்ஸ்ட்4 ஒரே துண்டாகக் கையாளும் பிளாக்கும் வழக்கமாக 4096 பைட். ஐநோட் ஒவ்வொன்றும் 256 பைட். ஐநோட் என்றால் ஒரு கோப்பின் ஜாதகம்: அளவு, தேதி, யாருடையது, டிஸ்கில் எங்கெங்கே கிடக்கிறது எல்லாம் அதில் இருக்கும், பெயரைத் தவிர. பெயர் ஃபோல்டரில் இருக்கும். ஒரு பிளாக்குக்குள் 16 ஜாதகம். கெட்டது அப்படி ஒரு பிளாக். ‘வலுக்கட்டாயமாகத் திருப்பி எழுதவா’ என்று கேட்டபோது நான் ஆமாம் சொன்னேன். படிக்க முடியாத இடத்தில் உருப்படியாக எழுத என்ன இருக்கிறது? வெறுமையை எழுதியது. எழுதியதும் டிஸ்க் அந்த இடத்தைக் கைவிட்டு மாற்று இடம் கொடுத்துவிட்டது. பிழைச் செய்தி போய்விட்டது. பதினாறு ஜாதகமும் போய்விட்டது. அதில் ஒன்று கணக்கு ஃபோல்டருடையது.

எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் செக்டர் பத்தாவது முயற்சியிலோ இருபதாவதிலோ ஒருமுறையாவது வாய் திறந்திருக்கலாம். இப்போது அந்த வாய்ப்பே இல்லை.

எஃப்எஸ்சிகேயைப் பற்றி எனக்கு இருந்த எண்ணமே தப்பு. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலை கிடையாது. ஃபைல் சிஸ்டத்தின் கணக்குப் புத்தகம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. பொருந்தாத வரியை அடித்துவிட்டால் பொருந்திவிடும் அல்லவா? கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு இது தெரியாமல் போனதுதான் வெட்கம். முதலில் ‘-என்’ போட்டு ஓட்டினால் எதையும் தொடாமல் என்னென்ன கோளாறு என்று மட்டும் சொல்லும். மவுன்ட் ஆகியிருக்கும், அதாவது சிஸ்டத்தோடு இணைந்து பயன்பாட்டில் இருக்கும் பார்ட்டிஷனில் அதற்குமேல் போகவே கூடாது.

எல்லாத் தடவையும் டிஸ்க்தான் குற்றவாளி என்றும் இல்லை. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதே மாதிரி பிழைகள் வந்தன. 5, 197 இரண்டும் சைபர், 199 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், தீர்ந்தது. 199இல் ஏறிய எண் இறங்காது. மேலே ஏறாமல் நின்றால் சரி.

சனி ராத்திரியே காப்பி எடுக்கத் தொடங்க கை துறுதுறுத்தது. ஆனால் போட்டுவைக்கக் காலி டிஸ்க் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் திறக்காது. பிளக்கைப் பிடுங்கி, மாமாவிடம் திங்கள் வரைக்கும் இதை யாரும் ஆன் பண்ணக் கூடாது என்றேன். சாகக் கிடக்கிற டிஸ்க் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்தான். “ஒரே ஒரு பிரின்ட் மட்டும்” என்று ஞாயிறு காலையில் கேட்டார். அக்கா ஃபோனை வாங்கித் திட்டியதில் அது நின்றது.

திங்கள் அரை நாள் லீவ். மின்சார ரயிலில் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோவில் ரிச்சி தெரு. அண்ணா சாலை இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பினால் அது வேறு இரைச்சல். புது 1 டெராபைட் டிஸ்க் ஒன்று, கேபிள் இரண்டு, யூபிஎஸ்ஸுக்குப் பேட்டரி. பழைய டிஸ்கைக் கையில் வைத்திருந்ததைப் பார்த்து ஒரு கடைக்காரர், “குடுங்க, லோ லெவல் ஃபார்மட் பண்ணித் தரேன், பேட் செக்டர் எல்லாம் போயிடும்” என்றார். போய்விடும், கூடவே மாமாவின் பாக்கியும்.

கடைக்கு வந்து லினக்ஸ் மின்ட் பென் டிரைவிலிருந்து லைவாக, அதாவது டிஸ்கில் உள்ள சிஸ்டத்தைத் தொடாமல், பூட் செய்தேன். இனிமேல் பழைய டிஸ்கை மவுன்ட் செய்யவே கூடாது என்பது தீர்மானம். படிக்க மட்டும் என்று சொல்லி மவுன்ட் செய்தாலும் எக்ஸ்ட்4 ஜர்னலை ஓட்டிப் பார்க்கும், அதாவது எழுதும். அதைத் தடுக்க ‘நோலோட்’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

காப்பி எடுக்க டிடிரெஸ்க்யூ. டெபியன் வகையறாக்களில் நிறுவவேண்டிய பொதியின் (பேக்கேஜ்) பெயருக்கு முன்னால் ஒரு ‘ஜி’ இருக்கும். சாதாரணக் காப்பி, கெட்ட செக்டரில் முட்டினால் அங்கேயே தலையை மோதிக்கொண்டு நிற்கும். டிஸ்க் உள்ளே திரும்பத் திரும்ப முயலும், கர்னல் 30 நொடி பொறுத்துப் பார்த்து இணைப்பை ரீசெட் செய்யும், மறுபடி முயலும். கெட்டுப்போன டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் நிமிஷக்கணக்கில் உறைந்து நிற்பது இதனால்தான். டிடிரெஸ்க்யூ கெட்டிக்காரத்தனமாக, நல்ல இடங்களையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் அவற்றுக்கு வரும். அந்தக் குறிப்பு ஒரு மேப் கோப்பில் போகும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப் கோப்பை லைவ் சிஸ்டத்துக்குள் வைத்தால் ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும். காப்பி போகும் டிஸ்கிலேயே வைத்தேன்.

கமாண்டில் மூன்று பெயர்: முதலில் எங்கிருந்து, இரண்டாவது எங்கே, மூன்றாவது மேப். முதல் இரண்டும் மாறிப்போனால் கதை முடிந்தது. டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம் என்பதால், டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டில் டிஸ்கின் வரிசை எண்ணைக் காட்டச் சொல்லி, டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு மாமாவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டேன். வீட்டிலிருந்து கொண்டுபோன என்னுடைய எக்ஸ்டர்னல் டிஸ்கில் இமேஜாக, அதாவது டிஸ்க் முழுவதும் ஒரே கோப்பாகக் காப்பி எடுத்தேன். முதல் ஓட்டம் ‘-என்’ போட்டு, கெட்ட இடங்களைச் சுரண்டாமல். 500 ஜிபி டிஸ்கில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. அப்புறம் ‘-டி’, ‘-ஆர்3’ போட்டு மிச்சத்துக்கு மூன்று முயற்சி. அது ராத்திரி முழுக்க ஓடியது. மாமா டேபிள் ஃபேனைத் திருப்பி டிஸ்குக்கு நேராக வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார்.

காலையில் மிஞ்சியது 2 எம்பிக்கும் குறைவு. இமேஜிலிருந்து புது டிஸ்குக்கு ஒரு பிரதி போட்டு, பழையதைக் கழற்றி வைத்தேன். கழற்றாமல் விட்டால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்) இருக்கும். எது மவுன்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. எஃப்எஸ்சிகே ஓட்டியது புது டிஸ்கில் உள்ள பிரதியில். சொதப்பினால் இமேஜிலிருந்து இன்னொரு பிரதி போட்டுக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் இந்த முறை கேள்விகளை நிதானமாகப் படித்தேன்.

கணக்கு ஃபோல்டர் வரவில்லை. வராது என்று தெரியும். ஆனால் அப்பா போனாலும் பிள்ளைகள் இருப்பார்களே. அநாதையான கோப்புகளை எஃப்எஸ்சிகே ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும், வெள்ளிக்கிழமையே போட்டிருந்தது. ரூட் எனப்படும் நிர்வாகி மட்டும்தான் உள்ளே பார்க்க முடியும் என்பதால் மாமா கண்ணிலும் படவில்லை, என் புத்தியிலும் படவில்லை. திறந்தால் 214 உருப்படிகள். சில ஃபோல்டர்கள் தன் பெயரை மட்டும் இழந்து, உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களைப் பத்திரமாக வைத்திருந்தன. கணக்கு ஃபோல்டரில் நேரடியாக இருந்த கோப்புகளுக்குப் பெயர் போய், ‘#’ போட்டு ஐநோட் எண் மட்டும்.

‘ஃபைல்’ என்ற கமாண்டைக் கொடுத்தால் உள்ளடக்கத்தைப் பார்த்து எது ஸ்ப்ரெட்ஷீட், எது படம் என்று சொல்லும். லிப்ரெ ஆபீஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒவ்வொன்றையும் பிரித்து உள்ளே ‘மெஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேட ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதினேன். பழைய டிடிபி கோப்புகளில் இந்தத் தேடல் உதவாது. வானவில் எழுத்துருவில் தட்டியதெல்லாம் யூனிகோடு இல்லையே. நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு எழுத்து. ஸ்கிரிப்ட் ஏழு ஸ்ப்ரெட்ஷீட்டுகளைக் கொண்டுவந்து போட்டது. அப்போதுதான் உறைத்தது: பெயர்தானே போனது, தேதி ஐநோட்டில் பத்திரமாக இருக்கிறதே. தேதிவாரியாகப் பட்டியலிட்டேன். முதல் வரி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் 6.12. திறந்தால் மெஸ் 1,340 ரூபாய், வக்கீல் 2,875 என்று வரிசையாக வந்தது. ஒரு மணி நேர ஸ்கிரிப்டைப் பற்றி மாமாவிடம் சொல்லவில்லை.

ஸ்மார்ட்டைப் பார்த்தால் போதும், டிஸ்க் சாவதை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். 2007இல் கூகுள் ஆட்கள் தங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செத்துப்போன டிஸ்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் காட்டாமலே செத்தன என்று எழுதியிருக்கிறார்கள். அதே கட்டுரையில், தன் பரப்பைத் தானே ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை கண்ட டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றும் இருக்கிறது. ஆக, எண் சைபராக இருந்தால் நிம்மதிப்படாதே, ஏறத் தொடங்கினால் காத்திருக்காதே. அதனால் புது டிஸ்கோடு தனியாக ஒரு எக்ஸ்டர்னலும் வாங்க வைத்தேன். சனிக்கிழமை கடை அடைக்கும் முன் ஆர்சிங்க் கமாண்டில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். சாம்பார் சிந்தாத அறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த நாலு வரியை மட்டும் காட்டும்படி டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானும் வைத்துக் கொடுத்தேன். இப்போது சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு ஃபோன் வரும். “மாப்ள, அஞ்சு சைபர். நூத்தித் தொண்ணூத்தேழு சைபர். நூத்தித் தொண்ணூத்தெட்டு சைபர்.” லாட்டரி ரிசல்ட் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். ஆகஸ்டில் ஒரு நாள், “நூத்தித் தொண்ணூத்தொம்போது மட்டும் நாலு ஏறியிருக்கு” என்றார்.

“மாமா, அது கேபிளு. அன்னைக்கு ரெண்டு வாங்கினோம்ல, மிச்சம் ஒன்னு…”

“மாத்திட்டேன். இப்ப நாலுலயே நிக்குது. சும்மா சொல்லலாம்னுதான் பண்ணேன்.”